கலங்கல் மருந்து

ஆபேலுக்கு மருத்துவம் தெரியும் என்பதில் ஆபேலுக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. ரியாத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றியவர் அவர். அங்கே அவர் பார்த்த வேலை, நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைச் சலவைக்கு அனுப்பித் திரும்பப் பெறும் பிரிவின் மேற்பார்வை. இரணியலுக்குத் திரும்பி வந்தபின் 'ஆஸ்பத்திரியில் இருந்தவர்' என்னும் பெயர் மட்டும் நிலைத்தது; விரிப்புகள் எப்படியோ உதிர்ந்து போயின. ஊரில் எவருக்கேனும் தலை சுற்றினால் அவரே நாடி பிடித்தார். இடையில் கோழிப்பண்ணை வைத்து நடத்திய காலத்தில் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டுக் கையும் பழகியிருந்தது. ஆகவே, தம் வீட்டிலேயே இருந்த மனைவியின் தம்பி ஷாஜனுக்கு ஊசி போடத் தமக்குத் தகுதி உண்டென்று அவர் கருதியதில் வியப்பில்லை. கோழிகள் எவையும் குறை சொன்னதாகத் தகவல் இல்லை.

ஷாஜன் தன் அத்தானைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் இதுவே. எனினும் அதை வாய்விட்டுச் சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. பிராந்து என்னும் பைத்தியம் பிடித்தவன் என்று ஒருமுறை பெயரெடுத்தவன் பிறரைப் பழித்தால், அப்பழிப்பும் நோயின் குணமாகவே கொள்ளப்படும்.

அவனுடைய நோயைச் சுருங்கச் சொல்லிவிடலாம். ஷாஜன் சபையின் பாடகர் குழுவை நடத்துபவன். பாட்டில் குரல்கள் நான்கு. நோய் கண்டால் அவனுக்கு ஐந்தாவதாக ஒரு குரல் கேட்கும். அது பாடாது, பேசும். ஏசியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான்; அதுவோ அவனைப் புகழ்ந்தது. "ஒன்ன மாதிரி ஒருத்தன் இந்தச் சீமையிலயே இல்ல" என்று காதருகே கொஞ்சியது. சில ஆண்டுகளுக்கு முன் அதை நம்பித்தான் ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையின் நடுவே சபையார் அனைவரையும் எழுப்பி நிறுத்தி, ஒரே பாட்டை உச்சிவேளை வரையில் திரும்பத் திரும்பப் பாட வைத்தான். அன்று அவன் பிடித்த பிராந்தை இன்றும் ஊர் சொல்லிச் சிரிக்கிறது. போதகர் முதற்கொண்டு அத்தனை பேரும் உச்சிவேளை வரையில் கீழ்ப்படிந்து பாடினார்களே, அதைப்பற்றி எவரும் ஒரு சொல் பேசுவதில்லை.

அவனைக் குணப்படுத்தியது நாகர்கோவிலில் டாக்டர் அஞ்சு கொடுத்த ஊசி. சிறு குப்பியில் வெள்ளைப் பொடி. அதில் ஊற்றுவதற்கென்றே தனியாக ஒரு நீர். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை போட வேண்டும். முதன்முறை டாக்டர் அந்தக் குப்பியை அவன் கண்முன் தூக்கிக் காட்டினாள்.

"பாக்கப் பொடி மாதிரி இருக்கும். பொடி இல்ல, ஒவ்வொண்ணும் ஒரு குட்டி உருண்டை. ஆபரேஷன் தையல் நூல் உடம்புக்குள்ளேயே கரைஞ்சு போகுதில்லையா, அந்த ஜாதிப் பாலிமர். தயிர்ல புளிப்பு இருக்கே, அந்த அமிலத்துல செய்யறது. மருந்து அதுக்குள்ள அடைபட்டுக் கிடக்கும். தசையில இருக்கிற ஈரம் உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். அரிக்க அரிக்க மருந்து வெளியில வரும்."

"ஒடனே வராதா?"

"வராது. மூணு வாரம் சும்மா கிடக்கும். அதுவரைக்கும் மாத்திரை போட்டுக்கணும். அப்புறம் அதுவா பாத்துக்கும்."

ஷாஜனுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. தலையில் எண்ணெய் பூசி ஜெபித்தவர்களும், இடுப்பில் தாயத்துக் கட்டச் சொன்னவர்களும், கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்றவர்களும் அவனை அணுகியிருந்தனர். அவர்களுள் எவருக்கும் இந்த உருண்டைகளுக்கு உள்ள ஒழுங்கு இல்லை. தன் இடம் வரும்வரை வாய் திறவாமல் நின்று, வந்ததும் தொடங்கி, கொடுத்த சுருதியை விடாமல் பிடிக்கும் பாடகர்களைப்போல அவை அவனுக்குள்ளே நின்றன. அவன் குழுவில் அப்படிப்பட்டவர்கள் இல்லை. டெனர் என்னும் உயர்ந்த ஆண்குரலில் பாடுவோர் பிறர் பாட்டின் நடுவிலேயே புகுந்துவிடுவார்கள்.

இரண்டு ஆண்டுகள் ஐந்தாவது குரல் இல்லாமல் கழிந்தன. பிறகு ஆபேல் சபையின் செயலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கேடு அங்கேதான் தொடங்கிற்று.

ஈஸ்டர் கழிந்த ஒரு பிற்பகல், சாப்பாட்டு மேசையில் அவர் பேச்சை எடுத்தார்.

"மக்கா, இனி நீ நாகர்கோவிலுக்குப் போவாண்டாம். மருந்த நான் வேண்டிக்கொண்டு வாறேன். வீட்ல வச்சு நானே குத்துகேன்."

"அங்க நர்சு போடுகா அத்தான். எனக்கு ஒரு பிரயாசமும் இல்ல."

"ஒனக்கு இல்லடே. எனக்கு இருக்கு. செயலருக்க மச்சினன் பிராந்து டாக்டருக்க வாசல்ல சீட்டோட நிக்கான்னு சந்தையில பேசுகானுவ. ஆகஸ்டுல சபைக்குப் பிரதிஷ்டை நாள், அசனச் சாப்பாடு, பேராயர் வாறாரு. இந்தப் பேச்சு பெருகினா பாட்டுக் குயர ஒன்ன நம்பி விடுவாவளா? நீயே சொல்லு."

ஷாஜன் தன் அக்காள் பூங்கனியைப் பார்த்தான். அவள் கணவருக்கு மீன் துண்டு பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தானுக்கு அறியாத்ததா? ஆஸ்பத்திரியில இருந்த மனுசன்" என்றாள்.

குழு கையைவிட்டுப் போய்விடும் என்ற ஒன்றுக்குத்தான் அவன் அஞ்சினான். வாரம் முழுவதும் தக்கலையில் ஒரு வக்கீலுக்குப் பத்திரங்களைத் தட்டச்சு செய்து தருபவன் அவன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றே அவனுக்கு வாழ்நாள். ஆகவே இசைந்தான். டாக்டர் அஞ்சு ஆபேலை வரவழைத்து முறையைச் சொல்லிக் கொடுத்தாள். அவர் அவளுடைய வயதைக் கணித்தபடியே கேட்டார். கணிப்பு முடிந்தபோது அவள் சொல்லி முடித்திருந்தாள்.

வீட்டு ஊசி ஒரு சடங்காக நடந்தது. குளிர்பதனப் பெட்டியில் மீன்குழம்புச் சட்டிக்கு அருகிலிருந்து குப்பி எடுக்கப்படும். ஷாஜன் கட்டிலில் குப்புறப் படுப்பான். ஆபேல் சன்னலோரம் நின்று மருந்தைக் கலப்பார். பின்னர், "ஏட்டி, காப்பி கொண்டா" என்பார். கருப்பட்டிக் காப்பி வரும். அதை ஊதி ஊதிக் குடித்து முடித்த பின்னரே ஊசி இறங்கும். பெரிய மனிதர்கள் பிறரைக் காக்க வைக்காமல் எதையும் செய்வதில்லை என்று தலையணையில் முகம் புதைத்தபடி ஷாஜன் எண்ணிக்கொள்வான். அதற்கு மேல் அவன் எண்ணவில்லை. தலையணையில் கண் கிடையாது.

பழைய ஊசிகளின் பலத்தில் சில வாரங்கள் ஓடின. பருவமழை தொடங்கியபோது, ஒரு மாலை ஒத்திகையில், டெனர்கள் சுருதியைக் கைவிட்டு வெட்கமின்றிச் சறுக்கிய இடத்தில், "கொள்ளாம்" என்று ஒருவர் மெச்சியது அவன் காதில் விழுந்தது.

ஷாஜன் கையைத் தாழ்த்தினான். ஒருவர் வாயும் பேசியதாகத் தெரியவில்லை. அந்த டெனரைக் கேட்டுவிட்டுக் 'கொள்ளாம்' என்று சொல்லக்கூடியது இவ்வுலகத்துக் குரலாக இருக்க முடியாது.

நாள்தோறும் அது நெருங்கி வந்தது. பேருந்தில் புகழ்ந்தது, தட்டச்சு செய்கையில் புகழ்ந்தது. மருந்து தன்னைக் கைவிட்டது என்றே ஷாஜன் நினைத்தான். டாக்டரிடம் சொன்னால் மருத்துவமனையில் இருக்கச் சொல்வாள். பிரதிஷ்டை நாளுக்குக் குழு அபினிடம் போகும். அபின் கீபோர்டு வாசிப்பவன். வாசிப்பவன் என்பதும் உபசாரமே. ஒரு பொத்தானை அழுத்தினால் கல்யாண வீட்டு மேளம் தானே கொட்டும், அவன் அதற்குத் தலையாட்டுவான். அவன் கையில் நான்கு குரல் பாட்டைக் கொடுப்பதைக் காட்டிலும் பிராந்தோடு இருப்பது மேல் என்று ஷாஜனுக்குத் தோன்றிற்று. அதுவும் ஒருவேளை பிராந்தின் பேச்சாகவே இருக்கலாம்.

இந்நிலையில் பிரதிஷ்டை நாளை முன்னிட்டு ஆபேல் வீட்டிற்கு வெள்ளையடித்தார். பூங்கனியின் கண்ணாடி வைத்த அலமாரி ஷாஜனின் அறைக்கு மாறிற்று. அடுத்த ஊசி நாளில் குப்புறப் படுத்தவன் முகத்தைத் திருப்பியபோது, கண்ணாடியில் சன்னல் தெரிந்தது.

ஆபேல் குப்பியைக் குலுக்கினார். நீர் பால்போல் வெளுத்தது. அதை அவர் சன்னல் திட்டில் அசையாமல் வைத்தார். காப்பியை வாங்கிக்கொண்டு, ஒரு காலை மறு காலின்மேல் போட்டு அமர்ந்தார். வெண்மை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. காப்பி தீர்ந்தபோது மேலே தெளிந்த நீரும் அடியில் வெள்ளைப் படிவும் தனித்தனியே நின்றன. அவர் குப்பியைக் கலங்காமல் சரித்து, மேல்நீரை மட்டும் ஊசியில் உறிஞ்சினார்.

ஷாஜன் எழுந்து உட்கார்ந்தான்.

"அத்தான், என்ன செய்யிதிய?"

"கெடலே. தெளிஞ்சாச்சு. குத்தட்டு."

"தெளியக் கூடாது. கலக்கின ஒடனே குத்தணும். அடியில கிடக்கதுதான் மருந்து."

ஆபேல் சிரித்தார். குழந்தை தவறாகப் பேசினால் வீட்டுப் பெரியவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

"அடியில கிடக்கது மண்டிலே. அக்கானிய நீ எங்ஙன குடிப்ப? கலயத்த ஆட்டிக் கலக்கியா குடிப்ப? சுண்ணாம்பு உள்ள போனா கொடலு வெந்து போவும். எனக்க அப்பன் பனை ஏறினவன். தெளிவு எடுக்கதுக்கு எனக்கு நீ படிப்பிச்சுத் தாறியா?"

பனையிலிருந்து இறக்கும் பதநீரை அவ்வூரார் அக்கானி என்பர். அது புளித்துப் போகாதிருக்கக் கலயத்தில் பூசிய சுண்ணாம்பு அடியில் வெள்ளையாகத் தங்கும். மேலே தெளிந்ததையே இறுத்துக் குடிப்பர். கருப்பட்டியைக் கரைத்தாலும் மண் தங்க விட்டுத் தெளிவை எடுப்பதே வழக்கம். அடியில் வெள்ளை தங்குமாயின் அது தள்ளத் தக்கது என்னும் ஞானம் ஆபேலுக்குப் பரம்பரைச் சொத்து. ரியாத்துக்குப் போயும் அது தேயவில்லை.

"அது சுண்ணாம்பு இல்ல அத்தான். உருண்டை. மருந்து அதுக்குள்ள இருக்கு. டாக்டர் சொல்லலியா?"

"டாக்டரு சொன்னா. அவளுக்கு அக்கானி தெரியுமா? லேய், நான் ஒண்ணு கேக்கேன். ஒனக்கு எதுக்கு இந்த மருந்து?"

பதிலையும் அவரே சொன்னார்.

"புத்தி தெளியதுக்கு. தெளியதுக்கு உள்ள மருந்து கலங்கலா கெடந்தா எங்ஙனலே தெளியும்? கலங்கலக் குத்தினா கலங்கத்தான செய்யும்."

"அத்தான் சொல்லது ஞாயந்தானடே" என்று பூங்கனி காலி தம்ளரை எடுத்தாள்.

"எத்தன தடவ இப்பிடிக் குத்தினிய?" என்று ஷாஜன் கேட்டான்.

"எல்லாத் தடவையுந்தான். ஒருக்கங்கூட மண்டிய ஒனக்குள்ள விட்டதில்ல, கேட்டியா" என்றார் ஆபேல். அந்தக் குரலில் இருந்த பெருமிதத்தைக் கேட்டு, ஐந்தாவது குரலே ஒரு கணம் வாயடைத்துப் போயிற்று.

ஷாஜன் குப்பியைப் பிடுங்கிக்கொண்டான். அதுவே அவன் செய்த பிழை. ஆபேலின் முகம் மாறிற்று, குரல் தணிந்தது.

"ஏட்டி, பாத்தியா? மருந்தச் சந்தேகப்படுகான். மொதத் தடவையும் இங்ஙனத்தான தொடங்கிச்சு? நீ வச்ச மீன்கொழம்புல வெஷம்னு சொன்னானா இல்லியா?"

பூங்கனியின் கையில் தம்ளர் நின்றுவிட்டது. அவள் தம்பியைப் பார்த்த பார்வையில் அச்சம் இருந்தது. மீன்குழம்பைப் பற்றி அவன் அப்படிச் சொன்னதென்னவோ உண்மைதான். அப்போது அது பொய்; இப்போது இது மெய். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன என்பதால் இரண்டுக்கும் ஒரே விலைதான்.

அந்த வாரத்து ஞாயிறு மாலை ஆராதனையிலேயே செய்தி பரவிற்று. அச்சபையில் ஒருவனைப் பற்றி வம்பு பேச விரும்புவோர் வம்பு பேசுவதில்லை, ஜெபக்குறிப்புக் கொடுப்பார்கள். 'நம் சகோதரன் ஷாஜனுடைய சுகத்துக்காகப் பாரத்தோடு ஜெபிப்போம்' என்று ஆபேல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மூடிய கண்களோடு அனைவரும் புரிந்துகொண்டார்கள்.

புதன்கிழமை ஆராதனைக்குப் பின் சபைக் கமிட்டி கூடிற்று. போதகர் நடுவில், வலப்புறம் ஆபேல், மற்ற மூப்பர்கள் சுற்றிலும். கமிட்டியில் உறுப்பினன் அல்லாத அபினும், அழைக்கப்படாமலே, கதவோரம் ஒரு நாற்காலி பிடித்திருந்தான்.

"தம்பி, ஒளிக்காமச் சொல்லணும்" என்றார் போதகர். "இப்ப மறுபடியும் சத்தம் ஏதாவது கேக்குதா?"

கேள்வியின் கூர்மை அவருக்கே தெரிந்திருக்காது. 'இல்லை' என்றால் பிரதிஷ்டை நாள்வரை குழு அவனுடையது. உடம்புக்குள் வெறும் நீர். 'ஆம்' என்றால் குழு போயிற்று. ஆனால் அந்த ஊசிகள் பொய் என்பதற்கு அதைத் தவிர அவனிடம் வேறு சான்று இல்லை.

"இல்லன்னு சொல்லு மக்கா" என்று ஐந்தாவது குரல் காதருகே குழைந்தது. "ஒன்ன விட்டா இவனுவளுக்கு யாரு இருக்கா? அபினா?"

அதன் பேச்சில் முதன்முறையாக ஒரு நியாயம் இருந்தது. ஷாஜன் அபினைப் பார்த்தான். அபின் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தாளமும் தவறாக இருந்தது.

ஷாஜன் சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தான். அடியில் வெள்ளை காய்ந்து ஒட்டியிருந்தது.

"கேக்குது பாஸ்டரே. கொஞ்ச நாளாட்டே கேக்குது. நான் மறைச்சேன். கேக்கதுக்குக் காரணம் இதுதான். எனக்குள்ள போக வேண்டிய மருந்து இந்தா கிடக்கு. போனது தண்ணி."

கமிட்டியின் காதில் முதல் வாக்கியம் மட்டுமே விழுந்தது. ஒரு மூப்பர் உச்சுக் கொட்டினார். அபின் நாற்காலியைச் சற்றே முன்னுக்கு இழுத்தான். ஆபேல் துயரத்தோடு தலையசைத்தார். அத்துயரம் அவருக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது.

ஷாஜன் கைப்பேசியை எடுத்து டாக்டரை அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தான்.

"டாக்டர், இங்க சபைக் கமிட்டி இருக்கு. இந்த மருந்தத் தெளிய வச்சு, மேல உள்ள தண்ணிய மட்டும் எடுத்துக் குத்தினா என்ன ஆகும்?"

"யார் அப்படிச் செஞ்சது?"

மூப்பர்கள் ஆபேலைப் பார்த்தார்கள்; ஆபேல் கைப்பேசியைப் பார்த்தார்.

"அப்படிப் போட்டா ஒண்ணுமே ஆகாது. மருந்து மொத்தமும் அடியிலதான் இருக்கு. தெளிஞ்சது வெறும் தண்ணி. பால் மாதிரி கலங்கலா இருக்கும்போதே போடணும். ஷாஜன், உங்களுக்கு அப்படியா போட்டாங்க? எத்தனை தடவை? உடனே கிளம்பி வாங்க. சத்தம் கேக்குதா?"

"கேக்குது டாக்டர்."

"கேக்கத்தான் செய்யும். நீங்க சொன்னது ரொம்ப நல்லது. வாங்க."

கைப்பேசி ஓய்ந்தது. முதலில் பேசியவர் ஆபேலே.

"சின்னப் பிள்ள. புஸ்தகத்தப் பாத்துப் பேசுகா. அனுபவம்னு ஒண்ணு வேண்டாமா?"

மூப்பர்கள் அதை ஆலோசித்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஒருபுறம். ஆஸ்பத்திரியில் இருப்பவள் மறுபுறம். முன்னவர் செயலர், அசனத்துக்கு ஆட்டை ஏற்பாடு செய்பவரும் அவரே. ஆதலின் அவ்விவகாரம் அவ்வளவில் நின்றது. பிரதிஷ்டை நாள் பாட்டை அபின் நடத்துவான் என்று முடிவாயிற்று. போதகர் இறுதி ஜெபத்தில், நோயுற்ற மைத்துனனுக்காகத் தன் கைகளாலேயே பாடுபட்ட செயலருக்காகக் கர்த்தருக்கு நன்றி செலுத்தினார். ஷாஜனும் 'ஆமென்' என்றான். வேறு என்ன சொன்னாலும் அது நோய்.

மறுநாள் காலை அவன் இரணியல் பேருந்து நிறுத்தத்தில், சந்தைக்குப் போவோர் அனைவரும் பார்க்கும்படி, மருத்துவமனைச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். இழப்பதற்குக் குழு இல்லாதபோது மறைப்பதற்கு என்ன இருக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு கைப்பையை மார்போடு அணைத்தபடி பூங்கனி வந்து நின்றாள். டாக்டர் சொன்னது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. பேருந்து வந்ததும் ஏறி அவன் அருகில் அமர்ந்தாள்.

நாகர்கோவிலில் செவிலிப்பெண் குப்பியைக் குலுக்கினாள். நீர் பாலாயிற்று. காப்பி வரவில்லை, காத்திருத்தல் இல்லை. பூங்கனி அந்த வெண்மை முழுவதும் ஊசிக்குள் ஏறுவதையும் தம்பியின் உடம்பில் இறங்குவதையும் கண்கொட்டாமல் பார்த்தாள். உருண்டைகள் வாய் திறக்கும்வரை விழுங்குவதற்கு மாத்திரைகளும் தரப்பட்டன.

"இவ்வளவு நாளும் இது பூராத்தையும் நான் அங்கணத்துல கொட்டிக் கழுவினேனே" என்றாள் வெளியே வந்தபின்.

"கொட்டினது நீ. கொட்டச் சொன்னது அக்கானி" என்றான் ஷாஜன்.

உருண்டைகள் இன்னும் உள்ளே மௌனமாகக் கிடந்த நாளிலேயே பிரதிஷ்டை நாள் வந்தது. அபின் பொத்தானை அழுத்தினான்; கல்யாண மேளம் கொட்டிற்று; நான்கு குரல்கள் அதனடியில் நசுங்கி ஒன்றாயின. ஷாஜன் கடைசி பெஞ்சில் இருந்து கேட்டான். "கொள்ளாம்" என்றது ஐந்தாவது குரல், முன்னைக் காட்டிலும் மெலிந்து. பேராயர் எழுந்து, பாடல் மிக அருமை என்றார். இரண்டில் எது மருந்தால் ஓயக்கூடியது என்பதில் ஷாஜனுக்கு ஐயமில்லை. மற்றதற்கு இன்னும் ஊசி வரவில்லை.

அசனப் பந்தியில் ஆட்டுக்கறிக் குழம்புக்கு ஆபேலே நின்றார். பெரிய அண்டாவின் மேலே மிதந்த எண்ணெய்த் தெளிவை அகப்பையால் கோரிக் கோரி ஊற்றிக்கொண்டிருந்தார். ஷாஜனின் முறை வந்ததும் வரிசை முழுவதும் கேட்கும்படி விசாரித்தார்.

"மக்கா, தெளிஞ்சியாடே?"

"இல்ல அத்தான். இந்தத் தடவ கலங்கலாக் குத்தியிருக்கு, இனிதான். நீங்க மொதல்ல அதக் கலக்கி விடுங்க. துண்டெல்லாம் அடியில கிடக்கு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், "ஆமாவே செயலரே, நல்லா அடியப் பிடிச்சுக் கலக்கும்" என்றான். தெளிவை மட்டும் வாங்கிக்கொண்டு நகர ஒருவரும் ஆயத்தமாக இல்லை.

ஆபேல் அகப்பையை அடிவரை இறக்கி, வலம் சுற்றிக் கலக்கினார். கறி விஷயத்தில் அவருக்கு அந்த அறிவு எப்போதும் இருந்தது.